0.8 என்ற எண்ணும் தாமஸ் கிரஹாமும்

இந்தப் பருவத்தில் நான் செய்த முதல் மூன்று சவ்வுகளும் பழுதாகிவிட்டன. மூன்றாவது பழுதானபோதுதான் தாமஸ் கிரஹாம் என்ற மனிதரை ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன்.

நான் வேதிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. கரியமில வாயுவை நைட்ரஜனிலிருந்து பிரிக்கும் மெல்லிய சவ்வு ஒன்றைத் தயாரிப்பது என் ஆய்வுத் திட்டம். பாலிஇமைடு என்ற ஒருவகை பிளாஸ்டிக்கைக் குளோரோஃபார்மில் கரைக்க வேண்டும். அதில் ஸிஃப்-8 என்ற வெள்ளைப் பொடியைக் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, மெதுவாக உலர்த்த வேண்டும். உரித்தெடுத்தால் மங்கலான பிளாஸ்டிக் தாள் போல இருக்கும். சவ்வு நன்றாக அமைந்தால், கரியமில வாயு நைட்ரஜனைவிட முப்பது மடங்கு வேகமாக அதைக் கடந்து போகும் என்று எதிர்பார்த்தோம்.

எனக்கு வந்த விடை முப்பது இல்லை, 0.8. அதாவது வேகமாகப் போக வேண்டிய வாயு மெதுவாகப் போயிருக்கிறது. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் குழாய்களை மாற்றி மாற்றிப் பொருத்தினேன். மேற்பார்வையாளர் வந்து கணக்கைப் பார்த்தார். கருவியில் குறை ஒன்றுமில்லை, என் சவ்வில்தான் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் நிறைந்திருக்கின்றன, இந்த 0.8 கிரஹாமின் எண் என்று சொல்லிவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

கிரஹாமின் விதியைப் பள்ளியில் படித்திருக்கிறேன். உங்களில் பலரும் அந்தச் சோதனையைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் அம்மோனியா நனைத்த பஞ்சு, மறு முனையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நனைத்த பஞ்சு. சற்று நேரத்தில் குழாய்க்குள் ஒரு வெள்ளை வளையம் தோன்றும். அது நடுவில் தோன்றாமல் அமிலம் இருக்கும் பக்கமாகத் தள்ளியே தோன்றும். அம்மோனியா எடை குறைந்தது, ஆகவே அது வேகமாக ஓடிவந்திருக்கிறது. வாயு பரவும் வேகம் அதன் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பதுதான் விதி. நைட்ரஜனின் மூலக்கூற்று எடை 28, கரியமில வாயுவுக்கு 44. 28-ஐ 44-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். 0.8 வரும். என் வாயுக்கள் பிளாஸ்டிக் வழியாகவோ பொடி வழியாகவோ போகவே இல்லை, ஓட்டை வழியாகப் போயிருக்கின்றன.

அன்றிரவு கோபத்தில்தான் இந்த மனிதரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தாமஸ் கிரஹாம் 1805 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அப்பா துணி உற்பத்தி செய்யும் வசதியான வணிகர். மகன் தேவாலயத்தில் போதகராக வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்த எண்ணத்தோடுதான் 1819-இல் அவனைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். பையனுக்கு அப்போது பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. அங்கே தாமஸ் தாம்சன் என்ற பேராசிரியரின் வேதியியல் வகுப்பில் உட்கார்ந்தவன் போதகர் வேலையை மறந்துவிட்டான். அப்பாவுக்குத் தெரிந்ததும் பெரிய சண்டை, பணம் நின்றுபோனது. கிரஹாம் எடின்பரோவுக்குப் போய், பாடம் சொல்லிக்கொடுத்தும் கட்டுரைகள் எழுதியும் பிழைத்தார். அம்மாவும் சகோதரி மார்கரெட்டும் மட்டும் அவர் பக்கம் நின்றார்கள். எழுத்தில் வந்த முதல் சம்பாத்தியத்தை அந்த இருவருக்கும் பரிசு வாங்கியே செலவழித்துவிட்டார். 1830-இல் கிளாஸ்கோவின் ஆண்டர்சன் நிறுவனத்தில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தபோது அம்மா மரணப் படுக்கையில் இருந்தார். அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

(எங்கள் வீட்டில் அப்பா நான் மருந்தியல் படிப்பேன் என்று நம்பியிருந்தார். சண்டை எதுவும் வரவில்லை. ஆனால் சவ்வு என்றால் என்ன வேலை கிடைக்கும் என்று இன்றும் அவ்வப்போது கேட்பார்.)

கிரஹாம் கூட்டத்தின் முன் தயங்கித் தயங்கிப் பேசுகிறவர். இருந்தும் மாணவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். பின்னாளில் ஆப்பிரிக்கப் பயணங்களால் புகழ்பெற்ற டேவிட் லிவிங்ஸ்டன் ஆண்டர்சனில் அவருடைய வகுப்பில் உட்கார்ந்தவர். 1837-இல் கிரஹாம் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். 1841-இல் லண்டனில் வேதியியல் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே. பாஸ்பாரிக் அமிலங்களைப் பற்றி அவர் செய்த ஆய்வு ஒரு தனிக் கதை. அதை விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது வாயுக்கள்.

ஆண்டர்சனுக்குப் போவதற்கு முன்பே, 1829-இல், இருபத்துமூன்று வயதுக் கிரஹாம் வாயுக்களைப் பற்றி இரண்டு விஷயங்களை எழுதினார். ஒன்று அவரைப் பாடநூலில் சேர்த்தது. மற்றொன்றை உலகம் கிட்டத்தட்ட மறந்துவிட்டது.

முதலாவதற்கு ஒரு முன்கதை உண்டு. ஜெர்மனியில் டோபரைனர் என்ற வேதியியலாளர், நீரின் மேல் கவிழ்த்து வைத்த ஒரு கண்ணாடிச் சாடியில் ஹைட்ரஜனை நிரப்பி வைத்திருந்தார். உள்ளே நீர்மட்டம் தானாக ஏறியது. சாடியில் மெல்லிய கீறல் இருந்தது. கீறல் வழியாக ஹைட்ரஜன் வெளியே போனது சரி, அதே கீறல் வழியாகக் காற்று ஏன் அதே அளவு உள்ளே வரவில்லை? கிரஹாம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். தற்செயலான கீறலை நம்பி அளக்க முடியாதே. அதனால் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து அடைத்தார். காய்ந்த பிளாஸ்டர் பார்வைக்குக் கெட்டி, உள்ளே முழுக்க நுண்துளை. குழாயில் ஒவ்வொரு வாயுவாக நிரப்பி, எவ்வளவு வெளியே போகிறது, அதற்குப் பதிலாக எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்று அளந்தார். ஒரு பங்கு காற்று உள்ளே வரும் நேரத்தில் 3.8 பங்கு ஹைட்ரஜன் வெளியேறியது. எல்லா வாயுக்களுக்கும் அதே வர்க்கமூலக் கணக்குப் பொருந்தியது. 1831-இல் அதை எடின்பரோவின் அரச சங்கத்தில் வாசித்தார். விதி பிறந்தது அப்படித்தான்.

விலங்கின் சிறுநீர்ப்பை ஒன்றில் நடந்தது இரண்டாவது விஷயம். ஈரமான பையில் முக்கால்வாசிக்கும் குறைவாக நிலக்கரி வாயுவை அடைத்துக் கட்டி, கரியமில வாயு நிரம்பிய கண்ணாடிச் சாடிக்குள் வைத்தார். சில மணி நேரத்தில் தொளதொளவென்றிருந்த பை வெடிக்கப் போவது போல் உப்பி நின்றது. எடை கூடிய கரியமில வாயு இவ்வளவு வேகமாக உள்ளே புகுந்திருக்கிறது. பையின் சுவரில் இருக்கும் ஈரத்தில் கரியமில வாயு முதலில் கரைகிறது, பிறகு மறுபக்கத்தில் வெளிவருகிறது என்று கிரஹாம் விளக்கம் எழுதினார். இதில் ஓட்டைக்கு வேலையே இல்லை. விளக்கத்தை எழுதிவிட்டு வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். அந்தப் பைக்கு மீண்டும் வர அவருக்கு முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

இடையில் நடந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியாது. 1855-இல் அவர் பேராசிரியர் வேலையை விட்டு, பிரிட்டனின் அரச நாணயச்சாலைக்குத் தலைவரானார். ஐசக் நியூட்டன் ஒரு காலத்தில் வகித்த அதே பதவி. சில ஆண்டுகளுக்கு நிர்வாகமே அவரை விழுங்கிவிட்டது. செம்பு நாணயங்கள் போய் வெண்கல நாணயங்கள் வந்ததும் அவர் காலத்தில்தான். அதற்குப் பிறகு, 1861-இல், ஒரு வளையத்தில் தோல்தாள் போன்ற காகிதத்தை இழுத்துக் கட்டி, ஒரு கரைசலை அதில் ஊற்றி, தண்ணீரில் மிதக்கவிட்டார். உப்பு, சர்க்கரை போன்றவை காகிதத்தைக் கடந்து தண்ணீருக்குள் போயின. பசை போன்றவை அங்கேயே தங்கின. தங்கியவற்றுக்கு அவர் வைத்த பெயரைத்தான் நாம் தமிழில் கூழ்மம் என்கிறோம். பிரிக்கும் முறைக்கு வைத்த பெயர் டயாலிசிஸ். ஆமாம், நம் ஊர் மருத்துவமனைகளில் தினமும் கேட்கிற அதே சொல். 1943-இல் நெதர்லாந்தில் வில்லம் கோல்ஃப் என்ற மருத்துவர் செலோஃபேன் குழாயை வைத்துச் செயற்கைச் சிறுநீரகம் செய்தபோது பின்னால் நின்றது கிரஹாமின் அந்தக் காகிதம்தான். என் பெரியப்பா வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறார். இந்தப் பெயர் வந்த கதையை அவரிடம் சொன்னேன். நாணயம் அடிக்கிற ஆளா என்று இரண்டு முறை கேட்டார்.

இனி 1866. கிரஹாமுக்கு அறுபது வயது. விதி அவர் பெயரால் வழங்கத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அமெரிக்காவில் பிலடெல்பியா மருத்துவர் மிட்செல் 1831-லேயே ரப்பர் பலூன்களில் பலவகை வாயுக்களை அடைத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் தப்பிப் போவதைக் கவனித்திருந்தார். பிறந்தநாளுக்குக் கட்டிய ஹீலியம் பலூன் மறுநாள் காலை தரையில் கிடப்பதை நாமும் பார்த்திருக்கிறோம். கிரஹாம் இப்போது ரப்பரை எடுத்தார். ரப்பர் பூசிய பட்டுத் துணியில் பை செய்து, அப்போதுதான் வந்திருந்த ஸ்பிரெங்கல் பாதரசப் பம்பை இணைத்து, பைக்குள் வெற்றிடம் உண்டாக்கினார். வெளிக்காற்று ரப்பர் வழியாகத்தான் உள்ளே வர முடியும். வந்த காற்றைச் சேகரித்து, அணையப் போகும் மரக்குச்சியை அதில் நுழைத்தால் அது மீண்டும் தீப்பிடித்தது. சாதாரணக் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் உண்டு. ரப்பரைத் தாண்டி வந்ததில் 41.6 விழுக்காடு இருந்தது.

ஒவ்வொரு வாயுவாகவும் அளந்தார். நைட்ரஜனின் வேகத்தை 1 என்று வைத்துக்கொண்டால் ஆக்சிஜன் 2.6, ஹைட்ரஜன் 5.5, கரியமில வாயு 13.6. கடைசி இரண்டு எண்களைச் சற்று நின்று பாருங்கள். கரியமில வாயு ஹைட்ரஜனைப் போல் 22 மடங்கு எடை. அவருடைய சொந்த விதிப்படி ஹைட்ரஜன்தான் நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போக வேண்டும். ரப்பரிலோ கரியமில வாயு இரண்டரை மடங்கு முந்திக்கொண்டு போகிறது.

இந்த இடத்தில் நான் அந்த மனிதரை நினைத்து ஆச்சரியப்பட்டேன். அறுபது வயதில், தன் பெயரைத் தாங்கிய விதியைப் பொய்யாக்குவது போன்ற ஓர் எண் வருகிறது. நானாக இருந்தால் குழாய்களை மாற்றிக்கொண்டிருப்பேன். (உண்மையில் அதைத்தானே செய்தேன்.) அவர் அந்த எண்ணை ஏற்று, அதற்குக் காரணம் கேட்டார். ரப்பரில் பிளாஸ்டரைப் போன்ற துளைகள் இல்லை. வாயு ரப்பரில் ஒரு திரவத்தில் கரைவது போலக் கரைகிறது, உள்ளே மெதுவாக நகர்கிறது, மறுபக்கத்தில் ஆவியாகி வெளியேறுகிறது. எது அதிகம் கரைகிறதோ அது முந்தும். இளம் வயதில் ஈரப் பையைப் பார்த்து எழுதிய அதே விளக்கம்தான், இப்போது எண்களோடு. விதியும் தவறாகவில்லை. அது துளைகளுக்கான விதி. துளை இல்லாத இடத்தில் வேறு ஒன்று நடக்கிறது. இன்று வாயு பிரிக்கும் ஆலைகளில் ஓடும் பிளாஸ்டிக் சவ்வுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் வேலை செய்கின்றன. பள்ளியில் நாம் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வந்துவிடுகிறோம்.

அதே ஆண்டில் பல்லேடியம் என்ற உலோகம் தன் கனஅளவைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சுவதையும் கண்டார். மிகத் தூய ஹைட்ரஜன் வேண்டுமானால் இன்றும் பல்லேடியச் சவ்வு வழியாக வடிப்பதுண்டு.

அந்த ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. கிரஹாமின் கைக்கு வந்த காலத்தில் நம் மண்ணில் ரப்பர்த் தோட்டம் கிடையாது. அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1877-இல்தான் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதன் பிறகு நடந்தது நம் கதை. என் பாட்டி விடியற்காலையில் தலைவிளக்கோடு போய்ப் பால்மரம் சீவியவர். ரப்பருக்குள் காற்று கரையும் என்று சொன்னால் நம்பியிருப்பாரா தெரியாது. ஆனால் உலர வைத்த ரப்பர்த் தகட்டில் எங்கே குமிழி இருக்கிறது, எது தரம் குறைந்தது என்று கையால் தடவியே சொல்லிவிடுவார். அந்தக் கை எனக்கு இருந்திருந்தால் மூன்று சவ்வு வீணாகியிருக்காது.

துளை வழி, கரையும் வழி இரண்டும் பிற்காலத்தில் வெகுதூரம் போயின. துளை வழி போன இடம் எல்லாம் நல்ல இடம் என்று சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் யுரேனியம் செறிவூட்டிய ஆலைகளுள் ஒன்று கிரஹாமின் விதியை நம்பிக் கட்டப்பட்டது. அங்கே பிரிக்க வேண்டிய இரு வாயுக்களின் மூலக்கூற்று எடை 349, 352. வர்க்கமூலக் கணக்கில் வேக வித்தியாசம் அரை விழுக்காடுகூட இல்லை. ஆகவே ஆயிரக்கணக்கான தடுப்புகள் வழியாகத் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள்.

நான் கலக்கும் ஸிஃப்-8 பொடி இரண்டு வழிகளையும் ஒரே இடத்தில் சேர்க்கும் முயற்சி. துத்தநாக அயனிகளை மெத்தில்இமிடசோல் என்ற கரிம மூலக்கூறுகளால் இணைத்தால், கட்டடத்துக்குச் சாரம் கட்டியது போல ஓர் ஒழுங்கான சட்டகம் உருவாகும். உள்ளே வெற்று அறைகள், அறைக்கு அறை சன்னல்கள். ஒரு கிராம் பொடிக்குள் இருக்கும் பரப்பு ஏறக்குறைய 1,600 சதுர மீட்டர், அதாவது இருபது பூப்பந்துத் திடல்கள். பிளாஸ்டரின் துளைகள் கண்டபடி இருக்கும். இங்கே எல்லாச் சன்னலும் ஒரே அளவு, 0.34 நானோமீட்டர். கரியமில வாயுவின் மூலக்கூறு 0.33, நைட்ரஜன் 0.36. புத்தகத்தில் பார்த்தால் கணக்கு முடிந்துவிட்டது போல இருக்கும். நடைமுறையில் அந்தச் சன்னல்கள் லேசாக ஆடுகின்றன, காற்றில் ஆடும் கதவு போல. நைட்ரஜனும் நெளிந்து புகுந்துவிடும். அதனால்தான் பொடியை மட்டும் நம்பாமல், கரைத்துப் பிரிக்கும் பிளாஸ்டிக்கோடு சேர்க்கிறோம். இதே குடும்பத்தைச் சேர்ந்த உலோக-கரிமச் சட்டகங்களை உருவாக்கியதற்காக 2025-இல் சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவரும் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் நாட்டுக்கும் இதில் வேலை இருக்கிறது. செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்களிலிருந்து வரும் வாயுவில் எரிபொருளான மீத்தேனும் கரியமில வாயுவும் கலந்தே இருக்கின்றன. பிரித்தால்தான் மீத்தேனை நல்ல எரிபொருளாகப் பயன்படுத்தலாம்.

சிக்கல், பொடியும் பிளாஸ்டிக்கும் சந்திக்கும் விளிம்பில். இரண்டும் நன்றாக ஒட்டவில்லை என்றால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒரு மெல்லிய இடைவெளி உண்டாகும். இடைவெளிகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் வாயுவுக்கு நெடுஞ்சாலை கிடைத்தது போலத்தான். சன்னலைத் தேடிப் போக அதற்கு என்ன அவசியம்? கிரஹாமின் பிளாஸ்டர் அடைப்பையே நான் மூன்று முறை, நிறைய செலவு செய்து, மறுபடி கண்டுபிடித்திருக்கிறேன்.

தாமஸ் கிரஹாம் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1869 செப்டம்பர் 16-ஆம் தேதி, நாணயச்சாலைத் தலைவராக இருக்கும்போதே லண்டனில் காலமானார். வயது 63. அவருக்குப் பிறகு அந்தப் பதவி தனி மனிதர் யாருக்கும் தரப்படவில்லை, நிதியமைச்சரின் பொறுப்பில் சேர்ந்துவிட்டது. உடல் கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்குள்ள பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அந்த நகரின் ஜார்ஜ் சதுக்கத்தில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

நான்காவது சவ்வுக்குப் பொடியைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். பொடியைப் பிளாஸ்டிக் கரைசலில் ஒரேயடியாகக் கொட்டாமல், முதலில் கொஞ்சம் கரைசலில் மட்டும் கலந்து துகள்கள் மீது ஒரு மெல்லிய பூச்சு ஏறவிட்டு, பிறகு மீதியை ஊற்றினேன். இப்போது வெற்றிட அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கிறது. வியாழக்கிழமை அளக்க வேண்டும்.